கிடை ஆடு மேய்ப்பது எப்படி: மானூர்ப் பக்கத்து நடைமுறை

செம்மறி வளர்க்க ஆசைப்பட்டு என்னிடம் வருகிற பையன்கள் முதலில் கேட்பது தீவனத்தைப் பற்றித்தான். "மாமா, என்ன போட்டா சீக்கிரம் எடை ஏறும்?" கொட்டகையில் அடைத்து வளர்ப்பவர்களுக்கு அது சரியான கேள்வி. பகலில் நடத்தி மேய்த்து, ராத்திரி எருவுக்காக வயலில் அடைக்கிற கிடை ஆட்டுக்கு நாம் தீவனம் போடுவதில்லை. எந்த நேரத்தில், எந்த நிலத்தில், எவ்வளவு மெதுவாக நடத்துகிறோமோ அதுதான் அதன் தீவனம். ஆகவே இங்கே நடையைப் பற்றித்தான் அதிகம் எழுதுகிறேன்.

வெளிநாட்டில் குதிரை மேல் ஏறி மாட்டு மந்தையை ஓட்டுவதை டிவியில் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்கு எட்டிய மட்டும் புல்வெளியாகக் கிடக்கிற நிலத்துக்கு அது பொருந்தும். எங்கள் திருநெல்வேலிச் சீமையில், மானூர், கங்கைகொண்டான், நாங்குநேரிப் பக்கம் அப்படி இல்லை. இரண்டு வயலுக்கு ஒரு வாய்க்கால், நாலு வரப்புக்கு ஒரு வேலி, நடுவில் ஒருத்தர் பயிர். இதற்குள் மந்தையைக் கொண்டுபோக ஆளின் கால்தான் வேண்டும். பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற நாளிலிருந்து எனக்கு இதுதான் வேலை. எங்கள் அப்பா சொல்லிக்கொடுத்ததும், அப்புறம் ஆடுகளே காட்டிக்கொடுத்ததும் இதில் இருக்கின்றன.

எந்த ஆடு, எங்கே வாங்குவது

நம் பக்கத்து ஆடே நம் பக்கத்துக்குப் போதும். வேம்பூர் ஆடு வெள்ளை உடம்பில் செம்பழுப்புத் திட்டோடு இருக்கும், பொட்டு ஆடு என்றும் சொல்வோம். கீழக்கரிசல் ஆட்டுக்கு மேலே பழுப்பு, அடிவயிறு கருப்பு. செவ்வாடு உருவில் சின்னது, செந்நிறம். மூன்றும் நடைக்கும் வெயிலுக்கும் பழகினவை. வெளி மாநிலத்துப் பெரிய கிடாயைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்காதீர்கள். சித்திரை மத்தியானத்தில் அது நிழலை விட்டு வராது.

செம்மறி மந்தைக்குள் நாலைந்து கொடியாடு அவசியம் வேண்டும், அது வெள்ளாட்டு இனம். நெட்டையாக, வெள்ளையில் கருப்புத் தெளித்தது கரும்போரை, சிவப்புத் தெளித்தது செம்போரை. செம்மறி வாய்க்காலைக் கண்டால் நிற்கும், பாலத்தைக் கண்டால் நிற்கும், தார் ரோட்டில் வெள்ளைக் கோட்டைக் கண்டாலும் நிற்கும். கொடியாடு யோசிக்காமல் இறங்கும். அது இறங்கினால் பின்னால் மந்தை முழுக்க இறங்கும். இதைத்தான் முன்னத்தி ஆடு என்கிறோம். ஒரு கொடியாட்டைக் கூப்பிட்ட குரலுக்கு வருகிற மாதிரிப் பழக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. குட்டியிலிருந்தே உள்ளங்கையில் ஒரு கை கம்புத் தானியம் வைத்து ஒரே சத்தத்தில் கூப்பிட்டுப் பழக்குங்கள். ஆளுக்கு ஒரு சத்தம் வேண்டாம்.

வாங்குவதற்கு மேலப்பாளையத்தில் செவ்வாய்ச் சந்தை இருக்கிறது, எட்டயபுரத்தில் சனிக்கிழமை. கிடாயை விற்கச் சந்தைக்குப் போங்கள், பக்ரீத்துக்கும் தீபாவளிக்கும் முந்தின வாரங்களில் நல்ல விலை நிற்கும். ஆனால் வளர்ப்புக்கான மறிகளை, அதாவது பெண் ஆடுகளை, சந்தையில் பிடிக்காதீர்கள். பத்து ஊர் ஆடும் ஒரே இடத்தில் மூச்சு விடுகிற இடம் அது. தெரிந்த கிடைக்காரரிடம் நேரே போய், அவர் ஆடு மேய்ந்துவிட்டு வருகிற சாயங்கால நேரத்தில் நின்று பாருங்கள். மந்தைக்குக் கடைசியில் தளர்ந்து வருவதை விடுங்கள். பிடித்ததும் வாயைத் திறந்து கீழ்ப்பல்லைப் பாருங்கள். பால்பல் விழுந்து நடுவில் இரண்டு பெரிய பல் வந்திருந்தால் ஒன்றரை வயது ஒட்டியிருக்கும். நாலு பல் என்றால் இரண்டு வயது, எட்டுப் பல்லும் சேர்ந்தால் நாலு வயது. பல் தேய்ந்து இடைவெளி விழுந்தது கிழடு, அதற்குக் கட்டைப் புல்லைக் கடிக்க முடியாது. அடுத்து மடியைக் கையால் அமுக்கிப் பாருங்கள், உள்ளே கல் மாதிரிக் கட்டி இருக்கக் கூடாது. வால் அடியில் கழிசல் ஒட்டியிருக்கக் கூடாது. கீழ் இமையை விரலால் இழுத்தால் உள்ளே நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் வயிற்றில் புழு ரத்தத்தை உறிஞ்சுகிறது என்று அர்த்தம்.

எங்கே வாங்கினாலும் மூன்று வாரம் தனியாகக் கட்டி வைத்து, அப்புறம்தான் மந்தையில் சேர்க்க வேண்டும்.

ஆள் நிற்கிற இடம்

புதிதாக வருகிற எல்லாரும் மந்தைக்கு நேர் பின்னால் நின்று "ட்ரூ ட்ரூ" என்று விரட்டுவார்கள். பின்னால் ஆள் வந்தால் பின்னாடு பயந்து முன்னாட்டை நெருக்கும், முன்னாடு ஓடும், யாரும் தலையைக் குனிந்து மேயமாட்டார்கள். சாயங்காலம் வயிறு ஒட்டிப்போய் வரும். பகல் முழுக்க நடந்த களைப்பு மட்டும் மிஞ்சும்.

நிற்க வேண்டிய இடம் ஓரம். ஆட்டின் தோள்பட்டையை ஒரு கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டுக்குப் பின்னால் நீங்கள் வந்தால் ஆடு முன்னே போகும். கோட்டுக்கு முன்னால் போய் நின்றால் நிற்கும் அல்லது திரும்பும். கை ஓங்க வேண்டியதில்லை, கம்பு வீச வேண்டியதில்லை. மந்தை வேகமாகப் போகிறதா? நீங்களும் அதே திசையில் ஓரமாக நடந்து முன்னாட்டின் தோளைத் தாண்டி நில்லுங்கள், வேகம் குறையும். மந்தை தேங்கி நிற்கிறதா? முன்னாலிருந்து பின்னாலே, மந்தைக்கு எதிர்த்திசையில் ஓரமாக நடந்து வாருங்கள். நீங்கள் ஒவ்வொரு ஆட்டின் தோளையும் கடக்கும்போது அது ஒரு அடி முன்னே எடுத்து வைக்கும். முழு மந்தையும் சத்தமில்லாமல் நகரும். இதை மட்டும் ஒரு வாரம் பழகுங்கள். மற்ற எதையும் அதற்குப் பிறகு கற்றுக்கொள்ளலாம்.

எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பதை ஆடு சொல்லும். கிட்டே போகப் போக ஓர் இடத்தில் மேய்கிற ஆடு தலையைத் தூக்கி, காதைத் திருப்பும். அதற்கு ஒரு எட்டுப் பின்னால்தான் உங்கள் இடம். மேய்கிற மந்தை விசிறி மாதிரி விரிந்திருக்க வேண்டும். கயிறு மாதிரி நீண்டால் நீங்கள் விரட்டுகிறீர்கள். பந்து மாதிரி சுருண்டால் நாயோ நரியோ வந்திருக்கிறது, அல்லது வெயில் தாங்கவில்லை.

மேல்காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் ஆடு காற்றுக்கு எதிர்முகமாகவே மேய்ந்து போகும். ஆகவே கிடையைக் கிழக்கே வைத்துக்கொண்டு மேற்கே பார்த்து மேய்த்துப் போங்கள், திரும்பும்போது காற்று முதுகைத் தள்ளும். மழை நேரத்தில் நேர்மாறு. செம்மறி மழைக்கு வாலைக் காட்டிக்கொண்டு சாரல் தள்ளுகிற பக்கமே போகும், போய் ஓடையில் விழும். பெருமழையில் நீங்கள் நிற்க வேண்டியது சாரல் போகிற பக்கத்தில், மந்தைக்கும் ஓடைக்கும் நடுவில். இடி மின்னல் என்றால் ஒற்றைப் பனைக்கு அடியில் ஒதுங்கவிடாதீர்கள். ஆடு அங்கேதான் போகப் பார்க்கும்.

ஒரு நாளின் கணக்கு

மார்கழி, தையில் பனி காயும் முன்னால் கிடையைத் திறக்கக் கூடாது. புழுவின் குஞ்சு ஈரப் புல்லின் நுனிக்கு ஏறி நிற்கும், ஆடு அதைத்தான் முதலில் கடிக்கும். வெயில் ஏறிப் புல் நுனி காய்ந்த பிறகு, ஒன்பது மணி வாக்கில் திறந்தால் போதும். கோடையில் நேர்மாறு. விடியும் முன்னே திறந்து, பதினோரு மணிக்குள் நிழலுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். மறுபடி மூன்று மணிக்கு மேல் எடுத்து இருட்டும் வரை மேய்க்கலாம். சித்திரை நிலாவில் ராத்திரி மேய்ச்சலும் உண்டு, பாம்புக்குப் பயந்து டார்ச் லைட்டும் கம்பும் கையில் இருக்கட்டும்.

மத்தியான நிழல் சும்மா இருக்கிற நேரம் என்று நினைத்துச் செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். மருத்துவப் பரிசோதனை நடக்கிற நேரமே அதுதான். உடைமரத்தடியில் மந்தை படுத்த அரை மணியில் எல்லா வாயும் அசை போட ஆரம்பிக்கும். கழுத்தில் ஓர் உருண்டை மேலே ஏறும், வாய் பக்கவாட்டில் அரைக்கும், பிறகு விழுங்கும், கொஞ்சம் பொறுத்து அடுத்த உருண்டை ஏறும். மந்தையைச் சுற்றி ஒரு நடை மெதுவாக வாருங்கள். எந்த வாய் அசையவில்லை என்று மட்டும் பாருங்கள். காது தொங்கி, மூக்கு நுனி காய்ந்து, வாய் அசையாமல் இருக்கிற ஆடு நாளைக்கு நோய் காட்டப்போகிற ஆடு. அதை இன்றைக்கே பிரித்துவிட்டால் மந்தை தப்பும். அசை போடுகிற நேரத்தைக் குறைத்து ஓட்டினால் எவ்வளவு மேய்ந்தாலும் உடம்பில் ஒட்டாது.

தண்ணீர் காட்டும்போது குளத்து ஓரச் சேற்றில் நத்தை கிடக்கிறதா பாருங்கள். நத்தை உள்ள இடத்துப் புல்லிலும் தண்ணீரிலும் ஈரல் தட்டைப்புழு வரும். கிணற்றடித் தொட்டியோ ஓடுகிற வாய்க்காலோ நல்லது.

வருசத்தின் பாதை

தை, மாசியில் மானாவாரிக் காடு அறுத்து முடியும். உளுந்துக் காடு, மக்காச்சோளக் காடு, பருத்திக் காடு எல்லாம் திறக்கும். மக்காச்சோளக் காட்டில் கதிர் சிந்திக் கிடந்தால் முதல் நாளே வயிறு நிறைய விடாதீர்கள். தானியம் வயிற்றுக்குள் புளித்து ஒரே ராத்திரியில் ஆட்டைச் சாய்க்கும். வேறு மேய்ச்சலில் பாதி வயிறு நிரப்பி, அரை மணி மட்டும் விட்டு எடுங்கள். நெல் களத்துக்கும் இதே விதி. பருத்திக் காட்டில் நுழையும் முன் சம்சாரியிடம், அதாவது நிலத்துக்காரரிடம், கடைசியாக மருந்து அடித்தது எப்போது என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

பங்குனி, சித்திரை நமக்குப் பொற்காலம். பிசான நெல் அறுத்து முடிந்து, கோடகன் கால், பாளையங்கால், கன்னடியன் கால் என்ற வாய்க்கால்களின் பாசனத்து நஞ்சை எல்லாம் காலியாகக் கிடக்கும். வரப்பில் அருகு இருக்கும், தாளடியில் மறுதுளிர் இருக்கும். கிடை கேட்டு ஆள் தேடி வருவார்கள். கோடையில் உடைமரத்து நெத்தும், அதாவது காய்ந்த காயும், விழும், ஆட்டுக்கு அது பலகாரம். சீமைக்கருவை நெத்தும் நல்லதுதான், ஆனால் அதையே நாள்கணக்கில் தின்றால் தாடை நடுங்கி அசை போட முடியாமல் போகும். மற்ற மேய்ச்சலோடு கலந்தே கொடுங்கள். வைகாசி முடிவதற்குள் நஞ்சையை விட்டு வெளியேற வேண்டும். பாபநாசம் அணையில் தண்ணீர் இருந்தால் ஜூன் 1 வாக்கில் கார் நெல் சாகுபடிக்குத் திறந்துவிடுவார்கள்.

ஆனி, ஆடிக்குத் தெற்கே, நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்துத் தரிசு. காற்றாடிகள் சுற்றுகிற அந்தப் பக்கம் காற்று கண்ணைத் திறக்கவிடாது, ஆனாலும் ஆட்டுக்கு ஈயும் கொசுவும் தொல்லை இல்லாத காலம். களக்காடு, பாபநாசம் மலையடிவாரத்தை ஒட்டிக் கிடை போடாதீர்கள், சிறுத்தை இறங்கும். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள்ளும் கங்கைகொண்டான் மான் சரணாலயத்துக்குள்ளும் ஆட்டை விடக் கூடாது.

இந்தக் காலத்தில் ஒரு பெரிய ஆபத்து சோளத் துளிர். மழை இல்லாமல் வாடி நின்ற இளஞ்சோளமும், அறுத்த கட்டையில் தளிர்க்கிற துளிரும் விஷம். தின்ற கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கி, துடித்து விழும். டாக்டர் உடனே ஊசி போட்டால் பிழைக்கும், ஆனால் அவர் வந்து சேரும் வரை ஆடு நிற்காது. அந்தக் காட்டின் ஓரமாகப் போக நேர்ந்தால், பயிர்ப் பக்கம் நீங்கள், மறுபக்கம் ஆடு.

புரட்டாசியில் கார் அறுவடைக்குப் பின் நஞ்சை கொஞ்ச நாள் கிடைக்கும். அப்புறம் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. எங்கும் பயிர், கீழே சேறு, மேலே மழை. ஊருக்குத் திரும்பி மேட்டு நிலத்தில் இருக்க வேண்டிய காலம் இது. கிடைக்கு இடம் பார்க்கும்போது மேடா என்று மட்டும் பார்க்காமல், மேலே எந்தக் குளம் இருக்கிறது, அது உடைந்தால் தண்ணீர் எந்த வழியாக வரும் என்றும் பாருங்கள். 2023 டிசம்பர் 17, 18 மழையை இங்கே யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. தாமிரபரணிக் கரையிலும் குளத்துப் பள்ளத்திலும் அடைத்திருந்த ஆடுமாடுகள் கட்டின இடத்திலேயே போயின. மழைக் காலத்தில் ராத்திரி கிடையைச் சுற்றின வலையை இறுக்கிக் கட்டாதீர்கள். ஒரு பக்கம் ஓர் இழுப்பில் திறக்கிற முடிச்சு இருக்கட்டும்.

கிடை மறிப்பது

ஆட்டு எரு அவ்வருசம், மாட்டு எரு மறுவருசம் என்று சும்மா சொல்லவில்லை. புழுக்கையும் மூத்திரமும் ஒன்றாக மண்ணில் இறங்குவதால் அடுத்த பயிரிலேயே தெரியும். ஆனால் வெயிலில் காயவிட்டால் மூத்திரத்துச் சத்து காற்றோடு போய்விடும். ஆகவே கிடை எழுந்த மறுநாளே உழச் சொல்லிச் சம்சாரியிடம் சொல்லுங்கள். அவர் நிலம் நன்றாக விளைந்தால்தான் அடுத்த வருசம் உங்களைக் கூப்பிடுவார்.

வலையைச் சதுரமாகக் கட்டி, ஒவ்வொரு ராத்திரியும் முந்தின இடத்தை ஒட்டி அடுத்த கட்டத்துக்கு மாற்றுங்கள். நெருக்கமாக அடைக்க வேண்டும், ஆனால் ஆடு காலை மடக்கிப் படுக்க இடம் இருக்க வேண்டும். நடு ராத்திரியில் ஒரு தடவை எழுப்பிவிடுங்கள். எழுந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் மூத்திரம் விடும், புழுக்கை போடும். பிறகு வேறு இடத்தில் படுக்கும். எரு ஒரே இடத்தில் குவியாமல் பரவலாக விழும்.

கூலியை வலை கட்டும் முன்னால் பேசி முடியுங்கள். எத்தனை உருப்படி, எத்தனை ராத்திரி, பணமா நெல்லா, சாப்பாடு யார் பொறுப்பு என்று நாலையும் பேச வேண்டும். "அண்ணாச்சி, குட்டியையும் சேத்து எண்ணக் கூடாது, பெரிய ஆட்டுக்குத்தான் கணக்கு" என்று நாமே முன்னால் சொல்லிவிட்டால் பிறகு பேச்சு வராது. அவர் மறுநாள் காலையில் வந்து மண்ணைக் காலால் கிண்டிப் பார்ப்பார். பார்த்துவிட்டு, "கோனாரே, இன்னும் ரெண்டு ராத்திரி இருந்துட்டுப் போங்களேன்" என்றால் உங்கள் வேலை சரி.

அடைக்கும்போது வலையில் இரண்டு ஆடு நுழைகிற அகலத்துக்கு மட்டும் வழி விட்டு, இரண்டிரண்டாக எண்ணுங்கள். எண்ணிக்கை குறைந்தால் ராத்திரியே தேடப் போக வேண்டும். காலையில் நரி மிச்சம் வைத்திருக்காது.

ஈத்து

மழைக்காலத்தில் குட்டி விழுந்தால் பாதி நிற்காது. தையில் விழ வேண்டும். சினை ஐந்து மாதம், கிட்டத்தட்ட 150 நாள். ஆகவே பொலிகிடாயை ஆவணியில் சேர்க்க வேண்டும். அதுவரை கிடாயின் அடிவயிற்றில் சாக்குத் துணி கட்டி மறித்து வையுங்கள். இருபத்தைந்து, முப்பது ஆட்டுக்கு ஒரு கிடாய். இரண்டு வருசத்துக்கு ஒரு தடவை கிடாயை மாற்றாவிட்டால் அப்பனே மகளோடு சேர்ந்து குட்டி சிறுத்துப் போகும்.

ஈனப்போகிற ஆடு மந்தையை விட்டு ஒதுங்கும். தரையைக் காலால் பறிக்கும், படுக்கும், எழும், திரும்பித் தன் பின்புறத்தைப் பார்க்கும். அதை ஓட்டாதீர்கள். நீர்க்குடம் வந்த பிறகு இரண்டு முன்னங்கால் குளம்பும், அதன் மேல் வைத்தாற்போல் மூக்கும் தெரிந்தால் எல்லாம் சரி, நீங்கள் தள்ளி நில்லுங்கள். ஒரு மணி நேரம் முக்கியும் ஒன்றும் வராவிட்டால், அல்லது வால் மட்டும் தெரிந்தால், டாக்டரைக் கூப்பிடுங்கள். 1962 என்ற எண்ணுக்கு அடித்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். உதவி செய்துதான் ஆக வேண்டும் என்றால் நகத்தை வெட்டி, சோப்புப் போட்டுக் கை கழுவி, ஆடு முக்கும்போது மட்டும், கீழ்நோக்கி இழுக்க வேண்டும்.

குட்டி விழுந்ததும் மூக்கிலும் வாயிலும் உள்ள சவ்வைத் துடைத்துத் தாயின் மூக்குக்கு நேரே வையுங்கள். தொப்புளில் டிஞ்சர் அயோடின் தொடுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போக வேண்டும். காம்பின் நுனியில் மெழுகு மாதிரி அடைப்பு இருக்கும், இரண்டு பீய்ச்சு பீய்ச்சிவிட்டுக் குட்டியின் வாயை வைக்க வேண்டும். குட்டி ஊம்பும்போது வால் படபடவென்று ஆடினால் பால் போகிறது. வால் நின்றபடி வாய் மட்டும் அசைந்தால் வெறும் காம்பு. நஞ்சுக்கொடி தொங்கினால் வெட்டவோ இழுக்கவோ வேண்டாம், அரை நாள் கழித்தும் விழாவிட்டால் டாக்டர் பார்க்கட்டும். விழுந்ததை நாய் தின்ன விடாமல் புதையுங்கள்.

தலை ஈத்து மறி சில சமயம் குட்டியைச் சேர்க்காது. முகர்ந்து பார்த்துத் தலையால் முட்டித் தள்ளும். அதை அடிக்காதீர்கள். சின்ன இடத்தில் தாயையும் குட்டியையும் மட்டும் அடைத்து, தாயின் கழுத்தைக் கட்டி, குட்டியின் முதுகிலும் வால் அடியிலும் அதன் சொந்தப் பாலையே பீய்ச்சித் தடவி, மேலே கொஞ்சம் உப்பைத் தூவுங்கள். உப்புக்காக நக்க ஆரம்பிக்கும். நக்குகிற தாய் கொஞ்ச நேரத்தில் அடித்தொண்டையில் "ம்ம்ம்" என்று ஒரு மெல்லிய சத்தம் கொடுக்கும், வாயைத் திறக்காமல். குட்டியிடம் மட்டும் பேசுகிற சத்தம் அது. அது கேட்டுவிட்டால் கயிற்றை அவிழ்க்கலாம். தாய் செத்த குட்டியை வேறு தாயிடம் விடுவதற்கும் இதே வழிதான். அப்போதுதான் ஈன்ற தாயின் பனிக்குட நீரை அந்தக் குட்டி மேல் பூசிவிட்டால் இன்னும் சுலபம்.

குட்டிகளைக் கூட்டில் விட்டுவிட்டுத் தாய்கள் மேயப் போகும். சாயங்காலம் கூட்டைத் திறந்தால் ஒரே கத்தலாக இருக்கும், கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றும் தன் தாயைக் கண்டுபிடித்துவிடும். அந்தச் சத்தம் அடங்கின பிறகுதான் பார்க்க வேண்டும். வயிறு நிறைந்த குட்டி விழுந்து தூங்கும். முதுகைக் கூனிக்கொண்டு, விலா ஒட்டி, கத்தாமல் நிற்கிற குட்டிக்குப் பால் கிடைக்கவில்லை.

நோய்

துள்ளுமாரிக்கு வருசா வருசம் மழைக்கு முன்னால் ஊசி. முதல் மழைப் புல்லை ஆசையாகத் தின்ற கொழுத்த ஆடுதான் முதலில் துள்ளி விழும். ஆட்டுக்கொல்லிக்கும் ஊசி உண்டு, ஒரு தடவை போட்டால் மூன்று வருசம் தாங்கும். கண்ணிலும் மூக்கிலும் சளி, வாய்ப்புண், நாற்றக் கழிசல் மூன்றும் சேர்ந்து வந்தால் அதுதான், உடனே பிரித்துத் தகவல் கொடுங்கள். நீலநாக்கு மழை ஓய்கிற காலத்தில் கொசுவை விடச் சின்னப் பூச்சியால் வரும். உதடு வீங்கி, கால் நொண்டும். சாயங்காலம் வேப்பந்தழைப் புகை போடுங்கள், சேற்றோரத்தில் அடைக்காதீர்கள். வாய் புண்ணான ஆட்டுக்குக் கம்பங்கூழைக் கரைத்து ஊற்ற வேண்டும், மேயச் சொல்லி ஓட்டக் கூடாது.

வயிறு உப்பினால் இடது விலா மேளம் மாதிரி இருக்கும். நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ ஐம்பது மில்லி முதல் நூறு மில்லி வரை, தலையை அண்ணாத்தாமல் மெதுவாக ஊற்றி நடக்கவிடுங்கள். தலையைத் தூக்கி ஊற்றினால் எண்ணெய் நுரையீரலுக்குப் போய் அதுவே கொல்லும்.

புழு மருந்தைக் கடைக்காரர் கொடுப்பதை எல்லாம் எல்லா ஆட்டுக்கும் ஊற்றாதீர்கள். புழுக்கையை எடுத்துக்கொண்டு ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள், எந்தப் புழு என்று பார்த்துச் சொல்வார்கள். தெரியாமல் ஆடு செத்தால் உடலையும் அங்கே கொண்டுபோங்கள். ஒன்று செத்த காரணம் தெரிந்தால் மற்றதைக் காப்பாற்றலாம்.

ரோடு தாண்டுவது

மதுரை, கன்னியாகுமரி நாலு வழிச் சாலையைத் தாண்டாமல் நம்மால் தெற்கே போக முடியாது. விடியற்காலை வெளிச்சம் வந்த பிறகு, குறைந்தது மூன்று ஆளோடு தாண்டுங்கள். ஒருத்தர் சிவப்புத் துண்டோடு வண்டி வருகிற பக்கம் நூறு காலடி தள்ளி, ஒருத்தர் முன்னத்தி ஆட்டோடு முன்னே, ஒருத்தர் பின்னால். குட்டிகளை முன்கூட்டியே அந்தப் பக்கம் கொண்டுபோய்விட வேண்டும். குட்டி இந்தப் பக்கம் இருந்தால் நடு ரோட்டில் தாய் திரும்பும், அதோடு மந்தையும் திரும்பும். நடுத்திட்டில் நிறுத்தி இளைப்பாறவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஒரே மூச்சில் முடிய வேண்டும். தண்டவாளத்துக்கும் இதுவே, வளைவு இல்லாத இடமாகப் பாருங்கள்.

வாரத்துக்கு (பங்குக்கு) ஆடு பிடிப்பவர்களுக்கு

கையில் காசு இல்லாத பையன்கள் வாரத்துக்கு ஆடு வாங்கி மேய்த்துத் தொழிலைத் தொடங்கலாம். தாய் உரிமைக்காரருடையது, பிறக்கிற குட்டியில் பாதி உங்களுடையது. இதில் சண்டை வருவதெல்லாம் செத்த குட்டியின் கணக்கில்தான். ஆகவே குட்டி விழுந்த அன்றே தாயோடு சேர்த்துப் போட்டோ எடுத்து உரிமைக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். செத்தாலும் அன்றே காட்டுங்கள். பங்கு பிரிக்கிற நாளில் அவர் ஒன்று எடுக்க, நீங்கள் ஒன்று எடுக்க என்று மாறி மாறி எடுத்து, அந்த இடத்திலேயே உங்கள் குட்டிக்கு உங்கள் காதுவெட்டைப் போட்டுவிடுங்கள். மறிக்குட்டியாகப் பார்த்து எடுங்கள். கிடாய்க்குட்டி தீபாவளியோடு காசாகிவிடும், மறி வளர்ந்து உங்களுக்குக் குட்டி ஈனும்.